கிழக்கேகோட்டையில் ஒரு ஞாயிறு

கேள்வி: திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பாரில் ஞாயிறு பிரஞ்சும் காக்டெயிலும் முயன்று பார்ப்போம் என்கிறான் நண்பன். போகலாமா?

பதில்: போங்கள், வெறும் வயிற்றோடு மட்டும் வேண்டாம். 2014-இல் கேரள அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற பார்களுக்குப் பூட்டுப் போட முடிவெடுத்தது. 2017-இல் மூன்று நட்சத்திரங்களுக்கும் கதவு திறந்தது. அதனால் பார் எங்கும் ஓடிவிடாது. முதலில் சாலை பஜாருக்குள் நடந்து ரஹ்மானியாவில் உட்காருங்கள். ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையில், காசு கேட்காமல் அள்ளி அள்ளிப் போடுவாரே கெத்தேல் சாகிப், அவருடைய கடை! மொறுமொறு கோழி, குட்டிச் சப்பாத்தி, கூடவே எலுமிச்சைச் சாறு. எனக்கு அந்தச் சாறுதான் காக்டெயில். நண்பனுக்கும் ஒரு கிளாஸ் சொல்லுங்கள். பார் ஞாபகம் வருகிறதா பார்க்கலாம்.