கிடார் செய்யப் போய் நேம் போர்டு

எனக்கு கிடாரில் மூன்று கார்டு தெரியும். நாலாவதாக எஃப் கார்டுக்கு வரும்போது ஆள்காட்டி விரல் மக்கர் பண்ணும். ரொம்ப நாள் போராடிய பிறகு, கோளாறு விரலில் இல்லை, கிடாரில்தான் என்று கண்டுபிடித்தேன். நமக்குத் தோதான கிடாரை நாமேதான் செய்துகொள்ள வேண்டும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. அப்படி வாங்கியதுதான் இந்த லேசர் கட்டர். விரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் துணி காயப்போட ஒரு டிரெட்மில் இருக்கும். அந்த தைரியத்தில்தான் மேலே சொல்கிறேன்.

விளம்பரத்தில் 40 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது மெஷின் இழுக்கிற கரன்ட். வெளியே வருகிற நீல வெளிச்சம் 5 வாட்தான் என்பது பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கூடவே கொடுத்த பச்சைக் கண்ணாடியைப் பெருமையாக மாட்டிக்கொண்டே பெட்டியைப் பிரித்ததில் அதுவும் கண்ணில் படவில்லை.

எலெக்ட்ரிக் கிடாரின் உடம்பு ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் தடிமன். என் மெஷின் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை அறுக்கவே ரெண்டு மூணு தடவை ஓட வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டினால் எப்படியும் இறங்கிவிடாதா? இறங்காது. ஒளி குவிவது ஒரு குறிப்பிட்ட ஆழத்தில்தான். அதைத் தாண்டினால் விரிந்து, பலம் போய், மரத்தை அறுக்காமல் சுட ஆரம்பிக்கும். மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்க ஓட்டியதில் மாம்பலகையில் ஒரு கரிக்கோடும், பக்கத்து பிளாக் வரைக்கும் புகையும் கிடைத்தன. அசோசியேஷன் செக்ரட்டரி மாடியேறி வந்து, "சார், ஏதாவது ஹோமமா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். பிரசாதம் கேட்டார்.

சரி, உடம்பு ஆசாரி பொறுப்பு, ஃப்ரெட்போர்டு மட்டும் நம் பொறுப்பு என்று பின்வாங்கினேன். கழுத்தில் விரல் ஓடுகிற பலகை அது. குறுக்கே பதிக்கிற உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். இதன் கணக்கு நிஜமாகவே அழகு. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். ஃபெண்டர் கிடார்களில் வழக்கமான 647.7 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டேன். முதல் ஃப்ரெட் 36.35-இல், பன்னிரண்டாவது நட்ட நடுவில், இருபத்திரண்டாவது 466-இல். என் மெஷின் வெட்டுகிற பரப்பு 400-க்கு 400. வாங்கும்போதே அளந்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் என் மனைவியின் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

மரம் மட்டும் உசத்தி. தாத்தா கட்டிலின் ஈட்டிச் சட்டம். உலகம் முழுக்க கிடார் கம்பெனிகள் இந்திய ரோஸ்வுட் என்று தேடி வாங்குகிற மரம். 2017-இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். என்னுடையதற்கு அந்த விலக்கு பொருந்துமா என்று யோசித்தேன். 'செய்து முடித்த' என்ற இடத்தில் உதைத்தது.

நீளம் போதாததால் சட்டத்தை இரண்டு துண்டாக்கி, தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். ஒட்டு அரை மில்லிமீட்டர் பிசகியது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகன் வந்து பார்த்தான். "ஏம்ப்பா, குறுக்கால வெச்சா முழுசா உள்ள போயிருக்குமே?" போயிருக்கும். 400 சதுரத்தின் மூலைவிட்டம் 565 மில்லிமீட்டருக்கும் மேல். பிதாகரஸ் தேற்றம் புரியவில்லை என்று போன வருஷம் அவனைத் திட்டியது நான்தான்.

அந்தப் பலகையின் பள்ளங்களும் லேசர் வேலையே. ஃப்ரெட் கம்பியின் கால் அரை மில்லிமீட்டர் சொச்சம், அதில் மரத்தைக் கவ்வச் சின்னச் சின்ன முள் இருக்கும். லேசர் போட்ட பள்ளமோ மேலே அகலம், அடியில் குறுகல், ரெண்டு பக்கமும் கரி. கரியை எந்த முள்ளும் கவ்வாது. எல்லாரும் சுத்தியலால் தட்டி இறக்குகிற கம்பியை நான் கட்டைவிரலால் அமுக்கியே உட்கார வைத்தேன். கைராசி என்று நினைத்துக்கொண்டேன். பலகையைக் கவிழ்த்ததும் அத்தனையும் உதிர்ந்தது.

இடையில் பிக்கார்டு, அதாவது தந்தியை மீட்டும்போது உடம்பில் கீறல் விழாமல் காக்கிற தகடு. கடைக்காரர் பிவிசி ஷீட்டை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். பிவிசியை லேசரில் சுட்டால் அமில வாயு வரும், நுரையீரலும் போகும் மெஷினும் துருப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த அந்த ஒரு விஷயத்தைக் கடையில் கால் மணி நேரம் விளக்கிவிட்டு, கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக் வாங்கி வந்தேன். நீல லேசர் அதற்குள் வெயில் போல நுழைந்து வெளியே போய்விடும் என்பது தெரியாது. அக்ரிலிக்கில் ஒரு கீறல் இல்லை. அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல்யாண மணையில் பிக்கார்டு படம் கச்சிதமாக விழுந்திருந்தது.

ரெண்டாவது ஃப்ரெட்போர்டில் புத்திசாலியாகிவிட்டேன். லேசரில் கோடு மட்டும், பள்ளம் ரம்பத்தால். குறுக்காகத் திருப்பி வைப்பதற்காக வரைபடத்தை வேறொரு மென்பொருளில் திறந்தேன். முதல் மென்பொருளுக்கு ஒரு அங்குலத்துக்கு 90 புள்ளி, இதற்கு 96. வரைபடம் சத்தமில்லாமல் சுருங்கி, 647.7 என்பது 607 ஆகிவிட்டது. எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கியதால் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், யாரும் வாசிக்கவில்லை.

தந்தியின் அடி முனையைத் தாங்குகிற பிரிட்ஜை ஆசாரி பழைய 647.7 கணக்கில் துளை போட்டு இறுக்கியிருந்தார். தந்தி கட்டி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலை வைத்தேன். மேல் ஷட்ஜம் பேச வேண்டிய இடம். காகலி நிஷாதம் பேசியது. அதுவும் ஒரு மயிரிழை இறங்கி.

கீழ் வீட்டு வீணை மாமி படியேறி வந்தார். "ஏண்டாப்பா, அரைமணியா நிஷாதத்துலயே நிக்கறியே, ஷட்ஜத்துக்கு வரமாட்டியா?" விஷயத்தைச் சொன்னேன். வீணையில் 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கும், சுருதி விலகினால் மெழுகை இளக்கிக் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்துவார்கள் என்றார். "உன்னோடது நகருமா?" இந்த முறை உதிரக் கூடாதென்று ஒவ்வொரு கம்பிக்கும் பசை விட்டு இறுக்கியிருந்தேன். வாழ்க்கையில் நான் உறுதியாகச் செய்த ஒரே வேலை.

பிரிட்ஜை 40 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் எல்லாம் சரியாகிவிடும், கணக்கு சுத்தமாக உதைக்காமல் வருகிறது. அந்த இடத்தில், தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புக்காகக் குடைந்த குழி இருக்கிறது.

மெஷின் சும்மா இல்லை. மச்சினன் கிரகப்பிரவேசத்துக்கு நேம் போர்டு, சித்தி பெண் கல்யாணத்துக்கு முந்நூறு சாவிக்கொத்து என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆசாரிகூடத் தன் பட்டறைக்கு ஒரு போர்டு கேட்டு வாங்கிப் போனார், கிடார் வேலைக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி. போன வாரம் செக்ரட்டரி வந்தார். படிக்கட்டுக்கு ஒரு அறிவிப்புப் பலகை வேண்டுமாம், அசோசியேஷன் செலவில். வாசகத்தைத் தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தார்: 'மொட்டை மாடியில் எதையும் எரிக்கக் கூடாது.' 450 மில்லிமீட்டர் நீளம். குறுக்காக வைத்து ஒரே மூச்சில் வெட்டிக் கொடுத்தேன்.