படுத்தால் குத்தும் பல்

கேள்வி: பகலெல்லாம் சும்மா இருக்கும் சொத்தைப் பல், ராத்திரி படுத்ததும் உயிரை எடுக்கிறதே, ஏன்?

பதில்: பல்லுக்குள்ளும் ஓர் உயிர் இருப்பதால்தான்! எனாமல், டென்டின் என்ற இரண்டு மதில்களுக்குள்ளே ரத்தக் குழாயும் நரம்புமாகப் பற்கூழ் குடியிருக்கிறது. விரலில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. பற்கூழுக்கு ஏது இடம்? அழற்சியில் ரத்தம் பெருகும், சுவர் விட்டுக்கொடுக்காது, அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கும். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுவதால் அது இன்னும் ஏறும்.

அதற்காகப் பற்கூழைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள். சொத்தை நெருங்கும்போதே உட்பக்கமாகப் புது டென்டின் பூசித் தடுப்புச் சுவர் எழுப்பும். 1965-ல் அமெரிக்காவில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். அது தானே டென்டின் பாலம் கட்டி மூடிக்கொண்டது! சாதாரண எலிகளுக்கோ பற்கூழ் அழுகிப்போனது. எதிரி துளையல்ல, கிருமி.

ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்று வலித்துச் சில நொடியில் அடங்கினால், சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் பற்கூழ் தேறிவிடும். உங்களுடையதைப் போல ராத்திரியில் தானாகக் கிளம்பும் வலிக்கு வேர் சிகிச்சை தேவைப்படலாம். கிராம்பு எண்ணெய் மரத்துப்போகச் செய்யும்; குணமாக்காது. பல நாள் வலி திடீரென்று நின்றால் நிம்மதி அடையாதீர்கள். பற்கூழ் செத்து, வேர் நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே பல் டாக்டரைப் பாருங்கள்.