பிளாஸ்டிக் குதிரைப்படை வர்ண நிர்ணயம்

நெப்போலியன் போனபார்ட்டின் குதிரைப்படையைப் பற்றி இதுகாறும் வெளிவந்துள்ள கிரந்தங்களைச் சேர்த்தால் ஒரு நூலகமே நிரம்பும். யுத்த தந்திரத்தை ஆராய்ந்தோர், தளபதிகளின் பரஸ்பரப் பொறாமையை ஆராய்ந்தோர், குதிரைகளுக்கு இட்ட தீவனத்தைக் கணக்கிட்டோர் என்று அவற்றின் ஆசிரியர்கள் பலவகையினர். ஆயினும், அந்தப் படையின் பெரும்பகுதி இன்றைக்கு ஓர் அங்குல உயரத்தில், பிளாஸ்டிக் தேகத்துடன், ஐரோப்பியக் குடும்பங்களின் சாப்பாட்டு மேஜைகளில் வர்ணத்துக்குக் காத்து நிற்கிறது என்பதை அப்பெரியோர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறையை இயன்ற மட்டும் நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற்கண் அளவு. இத்துறையில் பெரிதும் வழங்குவது 72-ல் ஒரு பங்கு என்ற விகிதம். ஆறடி ஆள் இதில் சரியாக ஓர் அங்குலம் ஆகிறான். 1959-ல் இத்தகைய சிறு வீரர்களை விற்கத் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி, 1970-ஐ ஒட்டி வாட்டர்லூப் போருக்கு வந்து சேர்ந்தது. பின்னர் இத்தாலியரும் ரஷ்யரும் தத்தம் அச்சுகளோடு அந்தக் களத்தில் இறங்கினர். 1815 ஜூன் 18 பிற்பகலில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே ஏவிய குதிரைகள் ஏறத்தாழ 9,000 என்பர். பெட்டிக்கு ஒரு டஜன் வீதம் 750 பெட்டி வாங்கினால் அத்தாக்குதலைக் குறைவின்றி நடத்தலாம். அதற்கு வேண்டிய மேஜையும், அதைக் கண்டும் வாய் திறவாத இல்லத்தரசியும் எங்கே கிடைப்பார்கள் என்பது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அடுத்து, உபாதான காரணம். இவ்வுருவங்களில் பெரும்பாலானவை பாலிஎதிலீன் என்ற மிருதுவான பிளாஸ்டிக்கால் ஆனவை. வாளியும் தண்ணீர்க் குடமும் எந்த ஜாதியோ அந்த ஜாதி. குடத்தின்மீது வர்ணம் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரமே குதிரைமீதும் நிற்கும், ஏனெனில் எந்தப் பசையையும் வர்ணத்தையும் பற்றிக்கொள்ளாத வைராக்கியம் அப்பொருளின் சுபாவம். போதாக்குறைக்கு, அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய வழுக்குப் பொருளின் மிச்சமும் மேலே படிந்திருக்கக்கூடும். ஆகவே வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஸ்நானம் செய்வித்து, உலர்த்தி, அடிப்பூச்சுக் கொடுத்த பின்னரே ஓர் உருவம் வர்ணத்துக்கு அருகதை பெறுகிறது. அடிப்பூச்சாக நீர்த்த வெள்ளைப் பசையே போதும் என்பார் ஒரு சாரார். அதற்கென விற்கும் பூச்சன்றி வேறெதுவும் உதவாது என்பார் மறுசாரார். இரு சாராருக்கும் பொதுவான அனுபவம் ஒன்றுண்டு: வாள் நுனியும் ஈட்டி முனையும் வளைந்து கொடுப்பவையாதலால், எதைப் பூசினாலும் முதலில் உரிவது அங்கேதான்.

இனி, எந்த வர்ணத்தைப் பூசுவது என்பதற்கான பிரமாணங்களை ஆராய்வோம்.

பிரத்தியக்ஷம் முதலாவது. ஓர் அடி தூரத்தில் வைத்து நோக்கும் உருவம், 72 அடிக்கு அப்பால் நிற்கும் மெய்யான ஆளுக்குச் சமம். மேஜையருகே நின்று மூன்றடியிலிருந்து பார்ப்பவனுக்கோ அது 216 அடி. அத்தூரத்தில் பித்தான் தெரியாது, மூக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் நீலமும் வெண்மையும் கலந்து பாயும் ஒரு பெருங்கூட்டம் மாத்திரமே. ஆகவே, மூன்றடியில் தெரியாததைப் பூசுவது வீண் என்பது பூர்வபக்ஷம். இது மறுக்க முடியாத வாதம் என்பதையும், ஒருவரும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்தே பதிவு செய்கிறேன்.

பின்பற்றாமைக்குக் காரணம் இரண்டாம் பிரமாணமாகிய சப்தம், அதாவது சீருடை விதிகள். பிரெஞ்சுச் சேனையில் மார்புக் கவசம் தரித்த கனரகக் குதிரைவீரர்களான குய்ராஸியர்களை எடுத்துக்கொள்வோம். சட்டை எல்லோருக்கும் கருநீலம். காலரில் வரும் வர்ணத்தைக் கொண்டு படைப்பிரிவை அறிய வேண்டும்: 1 முதல் 3 வரை செஞ்சிவப்பு, 4 முதல் 6 வரை உதயகாலத்து ஆரஞ்சு, 7 முதல் 9 வரை மஞ்சள், 10 முதல் 12 வரை ரோஜா நிறம். ஒரே வர்ணமுடைய மூன்றனுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதற்கு, கைமடிப்பிலும் அதன்மேல் தைத்த சிறு பட்டையிலும் அவ்வர்ணம் வருகிறதா, அன்றிச் சட்டையின் நீலமே நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பட்டையோ நமது அளவில் கடுகின் பருமனும் இராது. இதைப் பல இரவுகள் ஆராய்ந்து தெளிந்து, மிக நுண்ணிய சேபிள் தூரிகையின் நுனியில் ஒரு துளி ரோஜா நிறத்தை ஏந்தி, மூச்சை அடக்கி உருவத்தை நெருங்கும் வேளையில்தான், சிற்பி அவ்வீரனுக்கு முழங்கை வரையில் கையுறை மாட்டிவிட்டிருப்பது தெரியவரும். 10-ஆம் பிரிவா 11-ஆம் பிரிவா என்னும் ரகசியம் அக்கையுறைக்குள்ளே இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. இத்தகைய சங்கடங்களிலிருந்து விடுதலை தருகிறவன் எக்காளம் ஊதுவோன். அவன் வெள்ளைப் பிடரியுள்ள தலைக்கவசத்துடன் சாம்பல்வெள்ளைக் குதிரைமீது வருவதால், வர்ணக்காரர் ஒவ்வொருவரும் அவனிடம் விசேஷப் பிரீதி வைத்திருக்கிறார்கள்.

சப்தப் பிரமாணத்துக்கு எதிராக எழுந்தவர்களைச் சேற்றுவாதிகள் என்று அழைக்கலாம். ஜூன் 17 மாலையிலும் இரவிலும் வாட்டர்லூவில் கொட்டிய மழையில் நிலம் களியாகிப் பீரங்கிகளை நகர்த்துவதே பெரும்பாடாய் இருந்தது என்பது சரித்திரம். அக்களியில் பாய்ந்த குதிரைக்கு வயிறு வரையிலும், ஏறியவனுக்குத் தொடை வரையிலும் சேறு அப்பியிருக்குமே அன்றி, ரோஜா நிறக் காலர் எவன் கண்ணிலும் பட்டிராது என்பது அவர்கள் கட்சி. வாதம் நியாயமானதே. ஆனால் மாதக்கணக்கில் பாடுபட்டுத் தீர்த்த ஒரு படைப்பிரிவின்மீது நீர்த்த காவியை ஊற்றுவதற்குரிய நெஞ்சுரம், அக்கட்சியைச் சேர்ந்தவர்களுள்ளும் சிலருக்கே வாய்த்திருக்கிறது.

மூன்றாம் பிரமாணமாகிய அனுமானம் குதிரையின் ஓட்டத்தில் பயன்படுகிறது. முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டி, வயிறு தரையை உரசுவதுபோல் பறக்கும் குதிரையை ஜெரிகோ 1821-ல் தீட்டிய எப்ஸம் பந்தய ஓவியத்தில் காணலாம். 1878-ல் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் காமிராக்களை நிறுத்திப் படமெடுத்து, நான்கு குளம்பும் தரையை விட்டு எழும்பும் கணத்தில் கால்கள் வயிற்றின்கீழ் மடங்கியிருக்கின்றனவே தவிர நீண்டிருப்பதில்லை என்று நிரூபித்தார். ஓவியர்கள் திருந்தினார்கள், பிளாஸ்டிக் குதிரைகளுள் பல திருந்தவில்லை. இரண்டு பாதிகளாகப் பிரியும் எஃகு அச்சிலிருந்து உருவம் சிக்கலின்றி வெளிவரவேண்டுமானால், கால்களும் வாளும் ஒரே தளத்தில் தட்டையாக நீண்டிருப்பதே சௌகரியம். ஆகவே இவ்விஷயத்தில் அச்சுக்காரர் ஜெரிகோவின் கட்சி.

இம்மார்க்கத்தின் ஆதி தியாகி என்று காப்டன் வில்லியம் சைபார்னைச் சொல்லலாம். 1830-ல் வாட்டர்லூவின் மாதிரி ஒன்றை நிர்மாணிக்கப் பணிக்கப்பட்ட அவர், போர்க்களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். மாலை ஏழு மணியளவில் உமது படைப்பிரிவு எங்கே நின்றது, எதிரே எவர் இருந்தனர், அந்நிலத்தில் என்ன பயிர் விளைந்திருந்தது என்றெல்லாம், போரில் கலந்துகொண்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். சர்க்கார் இடையில் பணத்தை நிறுத்திவிட, கடனில் ஆழ்ந்தும் கைவிடாமல், 70,000-க்கு மேற்பட்ட குட்டி வீரர்களோடு 1838-ல் லண்டனில் அதைக் காட்சிக்கு வைத்தார். பிரஷ்யரை மிகுதியாக நிறுத்திவிட்டார் என்று அப்போரில் ஆங்கிலச் சேனையை நடத்திய வெல்லிங்டன் பிரபுவின் தரப்பில் அதிருப்தி கிளம்பியது. மெய்யான போரில் அவர்கள் வந்து சேர்ந்தது பிரபுவுக்கு எவ்வளவு உவப்பாக இருந்ததோ, மேஜையில் வந்து சேர்ந்தது அவ்வளவு கசந்தது. அம்மாதிரி இப்போது லண்டன் தேசிய ராணுவக் கண்காட்சிசாலையில் இருக்கிறது. அதே கண்காட்சிசாலையில் நெப்போலியனின் குதிரையான மாரெங்கோவின் எலும்புக்கூடும் உண்டு; வர்ணம் பூசுவதற்கு இனி அதில் ஒன்றுமில்லை.

எஞ்சி நிற்பது குதிரை வயிற்றைப் பற்றிய விவாதம். சேணத்தை இழுத்துக் கட்டும் வார் அங்கே ஓடுகிறது. உருவத்தைப் பீடத்தில் நிறுத்தியபின் அதை எவரும் காணார். பூசாவிட்டால் குதிரை முழுமையாகாது என்பது ஒரு பக்ஷம். பூசினால் ஆயுள் போதாது என்பது எதிர்ப்பக்ஷம். நான் விசாரித்த மட்டில், வீட்டுக்கு வருவோருள் சாமானியர் படை முழுவதையும் தூரத்திலிருந்தே பார்த்துப் பாராட்டிவிட்டுக் காப்பிக்குப் போய்விடுகிறார்கள். சக வர்ணக்காரர் ஒருவரே ஒரு குதிரையைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்க்கிறார், அதுவும் பெரும்பாலும் முன் வரிசையின் ஓரத்தில் நிற்பதை. ஆகையால் அந்த ஒரு குதிரையின் வயிற்றுக்கு மாத்திரம் வாரைத் தீட்டி, பித்தளை வளையமும் வைத்துவிடுவது சாஸ்திர சம்மதம்.