ஒன்றரை மணி நேர இருட்டு

“பூ முடிஞ்சா தூக்கிப் போட்ருங்க சார். அடுத்த டிசம்பருக்குப் புதுசு வாங்கிக்கலாம்.”

நெடுஞ்சாலையோர நர்சரிக்காரர் ஒருவர் போன வாரம் சொன்னது. எனக்கு இன்னும் ஆறவில்லை. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்து, கத்திரி வெயிலில் என் குடையைக் கொடுத்துக் காப்பாற்றிய செடி. அதைக் காலி பால் பாக்கெட்டைப் போலப் பேசுகிறார் மனுஷர்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும்போது நர்சரியைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டாதவர் நம்மில் யார்? கார்த்திகை தீபம் முடிந்ததுமே கை அரிக்க ஆரம்பித்துவிடும். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இறங்குவோம். திரும்பும்போது பின்சீட்டில் மஞ்சள் சாமந்தி, பெட்டூனியா, டயாந்தஸ், கூடவே ஒரு கோலியஸ். பாலித்தீன் கூடாரத்துக்குள் ஓசூர்க் குளிரில் செல்லமாக வளர்ந்தவை நம் மொட்டை மாடியைப் பார்த்ததும் முகம் சுளிக்கும். ஒரு சாமந்தித் தொட்டியைத் தூக்கிக் காட்டி, “இது எவ்வளவு நாள் வரும்?” என்று அதே ஆளிடம் கேட்டேன்.

“வீடு எங்க சார்?”

“விழுப்புரம்.”

“வீடு வரைக்கும் வந்துடும் சார்.”

சிரிக்கக்கூட இல்லை.

மார்கழியும் தையும் தொட்டிகளில் நிறம் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தப் பாயின்செட்டியா விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜிகினாத் தாள் சுற்றி விற்பார்களே, அந்தச் சிவப்புச் செடிதான். சிவப்பாக இருப்பது பூவே அல்ல, இலை. நடுவில் மிளகளவு மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பூ. காகிதப்பூவும் இதே பித்தலாட்டம்தான் செய்கிறது என்றாலும் அதற்குக் கொஞ்சம் பட்டினி போட்டால் போதும். தண்ணீரை நிறுத்தினால் கோபத்தில் பூத்துத் தள்ளும். பாயின்செட்டியா அப்படியல்ல. மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் 1820களில் இதைத் தன் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. நம் வேலியோரத் திருகுகள்ளிக்கு இது பங்காளி. கிள்ளினால் அதே பால். பங்காளி குணமும் அப்படியே இருக்கிறது.

இது சிவக்க உரம் போதாது, இருட்டு வேண்டும். தினமும் 14 மணி நேரம், இடையில் ஒரு பொட்டு வெளிச்சம் படாமல், எட்டுப் பத்து வாரத்துக்கு என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்கின்றன. விழுப்புரமோ 12 டிகிரி அட்சரேகையில் கிடக்கிற ஊர். மார்கழியில் வருகிற மிக நீண்ட இரவே சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான். மிச்சம் ஒன்றரை மணி நேர இருட்டுக்கு எங்கே போவது? அதை நான்தான் கைக்காசு போட்டுத் தர வேண்டும்.

அந்தப் பன்னிரண்டரையாவது உருப்படியாகக் கிடைக்கிறதா? மாடிக்கு நேரெதிரே தெருவிளக்கு. முன்பு மஞ்சளாக அழுது வடிந்த சோடியம் விளக்கு இருந்தது. இப்போது எல்.இ.டி.; அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கலாம். தெருவே மனுக் கொடுத்து வாங்கிய விளக்கு என்பதால் வாயைத் திறக்க முடியாது. அது எரிந்தால் தெருவுக்கு நிம்மதி, அணைந்தால் எனக்கு நிம்மதி. 2012-ல் இந்தச் செடி என்னிடம் இருந்திருந்தால் மின்வெட்டே கவனித்துக்கொண்டிருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். அப்போதும் கரண்ட் விட்டு விட்டுத்தான் போயிற்று. செடிக்குத் தொடர்ச்சியாக வேண்டுமாம்.

ஆகவே வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை எடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கவிழ்க்க வேண்டும், காலை ஏழுக்கு எடுக்க வேண்டும். ஐந்து மணிக்கு மேல் எனக்கு எந்த ஊரிலும் வேலை கிடையாது. திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன், மாப்பிள்ளை பெண் மேடைக்கு வரும் முன்பே நான் மொய் எழுதிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். “பால் வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துடுறீங்க, பொட்டி கவுக்க மட்டும் கரெக்டா வந்துடுறீங்க” என்றாள் மனைவி. மார்கழித் தூறலில் அட்டை ஊறித் தொய்ந்தது. மேலே தார்ப்பாய் போட்டேன். தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்கச் செங்கல் வைத்தேன். அப்புறம் ஒரு சந்தேகம்: உள்ளே உண்மையிலேயே இருட்டாக இருக்கிறதா? வெளியே நின்றுகொண்டு எப்படித் தெரியும்? செடியை ஓரமாக நகர்த்திவிட்டு, நானே குந்தி உட்கார்ந்து பெட்டியைத் தலைவழியாகக் கவிழ்த்துக்கொண்டேன். ஒட்டுநாடா விட்டுப்போன ஒரு மூலையில் தெருவிளக்கு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் அடைத்துப் பார்க்கும்போது பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்தது.

“என்ன சார், கோழி கவுத்து வச்சிருக்கீங்களா?”

பெட்டிக்குள்ளிருந்து பதில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். கோழி பேசாது. பேசாமலே இருந்துவிட்டேன். “முட்டை இருந்தா ரெண்டு குடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு இலையில் சிவப்புத் தட்டியது. வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன். தோட்டக்கலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இலையைத் திருப்பிப் பார்த்தார். “பாஸ்பரஸ் பத்தலை. சத்து குறைஞ்சாலும் இலை இப்படித்தான் செவக்கும்” என்றார். அதற்குப் பிறகுதான் நர்சரிக்குப் போனேன். அங்கே கேட்டதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இதில் இன்னொரு கொடுமை, நம் பக்கம் குளிர்காலம் என்பதே புயல் காலத்துக்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகர மனசில்லாமல் மணிக்கணக்காக நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. நின்று பார்த்தால் முழங்கால். வீடும் வயலும் போனவர்கள் சுற்றிலும் இருக்கும்போது, சாமந்தித் தொட்டி போனதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: எல்லாம் வேரோடு அழுகிப் போயின.

திண்டிவனத்து மச்சான் இதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறார். “மாமா, பேசாம திருவக்கரைக்குப் போய்ப் பாருங்க.” அங்கே கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் இரண்டு கோடி வருஷமாகக் கல்லாய்க் கிடக்கிற மரங்கள். தண்ணீர் கேட்பதில்லை, இருட்டும் கேட்பதில்லை. இதை ஒவ்வொரு பொங்கலுக்கும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். நானும் சிரிக்க வேண்டும்.

மனைவியின் கட்சி டிசம்பர் பூ. கொல்லைச் சுவரோரம் ஊதாவும் வெள்ளையுமாக யாரும் கவனிக்காமல் பூத்துக் கிடக்கிறது. வாசனை கிடையாது, செலவும் கிடையாது. ஒரு கிளையை ஒடித்து மாடித் தொட்டியில் வைத்துச் சீராட்டினேன், வாரத்தில் காய்ந்தது. கவனித்தால் அதற்குப் பிடிக்காது போலிருக்கிறது.

மாடியில் நன்றாக வந்த ஒரே உயிர் பூசணிக்கொடி. மார்கழி முழுக்கத் தினமும் காலையில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. நான் பெட்டியைத் தூக்க ஏழு மணிக்கு ஏறுவதற்குள் ஒன்றுகூட இருக்காது. தெருவில் எட்டிப் பார்த்தால் எல்லா வாசல் கோலத்திலும் சாணி உருண்டை, ஒவ்வொரு உருண்டையிலும் என் பூ. எதிர்வீட்டு அக்கா வாசலில் மட்டும் மூன்று. போகிறது, நல்ல காரியத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

நேற்று அந்த அக்கா நிறுத்தி வைத்துக் கேட்கிறார்: “ஏன் சார், உங்க கொடி அவ்வளவு பூ வச்சுது, ஒரு பிஞ்சுகூட நிக்கலையே? ஏதாவது நல்ல உரமா போட்டுப் பாருங்க.”