மேனேஜர் குரங்கின் வயிற்றுப்புண்

1958-இல் அமெரிக்க உளவியலாளர் ஜோசப் பிராடி, குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலியில் உட்காரவைத்தார். ஒன்றின் கையில் லீவர். அது விடாமல் அழுத்தினால் இரண்டுக்குமே ஷாக் இல்லை. அதற்கு ‘மேனேஜர்’ பட்டம். மற்றதற்கு வேலையே கிடையாது, அடியில் மட்டும் சரிபங்கு.

மேனேஜர்களுக்குத்தான் வயிற்றுப்புண் வந்தது. பொறுப்பென்றால் சும்மாவா!

ஆனால் இந்தச் சோதனையின் கோளாறு, பதவி கொடுத்த விதத்தில் இருந்தது. முன்கூட்டியே பரீட்சை வைத்து, லீவரைப் பரபரவென்று அழுத்திய குரங்கையே மேனேஜராக்கியிருந்தார்கள். புண்ணுக்குக் காரணம் பதவியா, அதன் பதற்றச் சுபாவமா? பிரித்துச் சொல்ல வழியில்லை.

பிறகு ஜே வைஸ் என்ற ஆய்வாளர் இதே மாதிரிச் சோதனைக்கு எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார். பதற்றக்கார எலியும் சோம்பேறி எலியும் எல்லாக் குழுவிலும் கலந்தன. முடிவு தலைகீழ்: ஷாக்கை நிறுத்தும் வசதி இருந்த எலிகளுக்குப் புண் குறைவு; கையைக் கட்டிக்கொண்டு வாங்கியவற்றுக்கே அதிகம்.