அந்த மரம் தெரியுதுங்களா?

"அந்த வேலிக்காத்தான் மரம் தெரியுதுங்களா?"

தெரியாமல் என்ன. ஏரியில் தண்ணீர் நிற்கிற இடம் போக மிச்சமெல்லாம் வேலிக்காத்தான்தான்.

"அதுல வலப்பக்கம் சாயுது பாருங்க ஒரு கிளை. அதுல இருந்து இன்னொரு சின்னக் கிளை. அதுக்கு ரெண்டு கொத்து தள்ளி உள்ளாற."

பறவை பார்க்கிறவரோடு ஒரு முறையாவது போனவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரியில் ஒருவர், பாலக்கோட்டில் ஒருவர், அரூரில் ஒருவர் என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விசாரித்தால் எல்லோரும் ஒரே ஆள்தான். 'பறவை சார்' என்று வைத்துக்கொள்வோம். வாத்தியாராகவோ, வங்கியிலோ, மின்வாரியத்திலோ இருப்பார். புரட்டாசி பிறந்துவிட்டால் வடக்கிலிருந்து பறவைகள் வர ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நமக்கும் போன் வர ஆரம்பித்துவிடும். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான சட்டை, தொப்பி. பறவைக்குத் தெரியக்கூடாதாம். பொட்டல் ஏரிக்கரையில் அவர் பதுங்கிப் பதுங்கிப் போவது எதிர்க்கரை டீக்கடை வரைக்கும் தெரியும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் வழி சொல்கிற அழகு.

விரலை நீட்டக்கூடாது என்பது அவருடைய சட்டம், நீட்டினால் பறந்துவிடுமாம். தவிர இரண்டு கையும் பைனாகுலரில் இருக்கிறது. அதனால் முழங்கையால் காட்டுவார். அந்த முழங்கை காட்டுகிற திசையில் பைனாகுலரைத் திருப்பினால், சாலையில் போகிற லாரியின் பின்பக்கம் எட்டு மடங்கு பெரிசாகத் தெரியும். "அங்க இல்லீங்க!" என்று மோவாயை ஒரு வெட்டு வெட்டுவார். மோவாய்க்கு எத்தனை திசை உண்டோ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்புறம் மணி. நேர் எதிரே பன்னிரண்டு, வலக்கைப் பக்கம் மூன்று என்று கடிகார முள்ளாக வைத்துச் சொல்கிற முறை. நல்ல முறைதான், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால். அவர் வடக்கே பார்த்து நிற்பார், நான் கிழக்கே. அவருடைய இரண்டு மணி எனக்குப் பதினொன்று. ஒருமுறை புதிதாக வந்த பையன் "ரெண்டு மணிக்கு! ரெண்டு மணிக்கு!" என்றதைக் கேட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அது வரைக்குமா சார் இருக்கணும்? வீட்ல சொல்லலையே" என்றான். அவனை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மரமும் மணியும் உதவாதபோது நடமாடும் அடையாளங்களுக்கு வருவார். "அந்த வெள்ளாடு நிக்குது பாருங்க, அதுக்கு நேரா மேல." நான் ஆட்டைக் கண்டுபிடிப்பதற்குள் ஆடு அடுத்த புதருக்குப் போயிருக்கும். "அந்தக் கொக்குக்குப் பின்னால" என்பார், கொக்கு எழுந்து போகும். ஒரு தடவை மேகத்தைச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

இத்தனையும் எதற்கு? பிளித் நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று. எடை பத்துப் பன்னிரண்டு கிராம், மடித்த கடுதாசி ஒன்று. நிறம் காய்ந்த இலை. பட்டை, புள்ளி, கொண்டை என்று வேடிக்கைக்குக்கூட ஒன்றும் கிடையாது. புதருக்குள் இருந்துகொண்டு 'டக், டக்' என்று நாக்கைத் தட்டுகிற மாதிரி கத்தும், வெளியே வராது. கிழக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. இப்படி வருகிற சிறு பறவைகளின் காலில் வளையம் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். போன வருஷம் தங்கின அதே இடத்துக்குத் திரும்பி வந்தவை உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், பெரும்பாலும் இருட்டில் கடந்து, யாரிடமும் வழி கேட்காமல், தருமபுரி மாவட்டத்தில் தன் முள்செடியை அது கண்டுபிடித்துக்கொள்கிறது. முப்பது அடி தூரத்திலிருந்து அந்த முள்செடியை எனக்குக் காட்ட இவரால் முடியவில்லை.

ஒரு நாள் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்தார். தலையில் சிவப்புத் துண்டு. எங்கள் பதுங்கலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னத்த தேடறீங்க சாமி?" என்றார். சொன்னோம். "காலைலயிருந்து டக்கு டக்குன்னு கத்திக்கிட்டுக் கெடக்குதே, அதுங்களா?" என்று கையிலிருந்த தொரட்டியை நீட்டினார். தொரட்டி நுனிக்கு நேரே குருவி. அது பறக்கவும் இல்லை. சாருக்கு அன்றைக்கு முகம் சரியில்லை.

பொதுவாக ஆடு மேய்ப்பவர் வரமாட்டார். கால் மணி நேரம் ஆனதும், இட்லி ஆறிப்போகிற கவலையில், "ஆங், தெரியுது சார்" என்று சொல்லிவிடுவேன். அதோடு விடுவாரா?

"புருவத்துல கோடு இருந்துதா?"

"லேசா."

"கண்ணைத் தாண்டிப் போச்சா, முன்னாலயே நின்னுடுச்சா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும், "நீங்க பாக்கலீங்க" என்று முடிப்பார். பொய் சொல்லிப் பறவை பார்க்க இவரிடம் வழியே இல்லை. தன் விஷயத்திலும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் 'ஏதோ ஒரு கதிர்க்குருவி' என்றுதான் குறிப்பேட்டில் ஏறும். இதற்காகவே மனுஷனை விட்டுவிட மனசு வராது.

ஏரியை விட்டால் மலை. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் போனோம். "அந்தப் பாறை தெரியுதுங்களா?" என்றார். தருமபுரி மாவட்டத்தில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? ஒகேனக்கல்லில் சின்ன மீன்கழுகு. இமயமலை அடிவாரத்து ஆறுகளில் இருக்கிற பறவை, காவிரியிலும் கொஞ்சம் உண்டு. அரைமணி நேரம் வெயிலில் காய்ந்த பிறகு, "அக்கரையில! அக்கரையில!" என்று துள்ளினார். அக்கரை என்பது கர்நாடக மாநிலம்.

இது வரைக்கும் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். ஒன்றை அப்படிச் சொல்ல முடியாது. மலையடிவாரம் ஒன்றில் ஆறுமணிக்குருவி வந்திருந்தது. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துகிற, ஒன்பது நிறமும் பூசிக்கொண்ட அதே பறவை. சார் சொல்லி, வெளியூரிலிருந்து இரண்டு கார் நிறையக் கேமராக்காரர்கள் வந்தார்கள். முழ நீள லென்ஸ். அவர்களில் ஒருவர் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரை எடுத்துப் புதரோரம் வைத்து, அந்தப் பறவையின் குரலையே திரும்பத் திரும்பப் போட்டார். தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று அது வெளியே வந்து வந்து கத்தியது. இரை பொறுக்க வேண்டிய நேரமெல்லாம் இல்லாத எதிரியைத் தேடி ஓடியது. எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் தும்மினால் முறைக்கிறவர், செருப்புச் சத்தத்துக்கு உஸ் என்கிறவர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பெரிய லென்ஸைப் பார்த்ததும் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் ஸ்பீக்கர்காரர்மேல்கூட அவ்வளவு இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு மாற்றம். அரிய பறவை எது வந்தாலும் யாருக்கும் இடம் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விடுமாம். லென்ஸ்காரர்கள் கேட்டால், "இந்த வருஷம் ஒண்ணும் வரலீங்களே" என்கிறார். குறிப்பேட்டில் பொய் எழுதாதவர், போனில் கூசாமல் சொல்கிறார்.

2015-லிருந்து வருஷா வருஷம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் கால் மணி நேரமாவது நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வீட்டில் பானை பொங்குகிற நேரத்தில் இவர் ஏரிக்கரையில் முக்குளிப்பானை எண்ணிக்கொண்டிருப்பார். அவர் வீட்டம்மா அதைப் பற்றிச் சொல்வதை அச்சில் போட முடியாது.

அடுத்த ஞாயிறு தொப்பையாறு அணைப் பக்கமாம். என்ன பறவை என்று போனில் சொல்லமாட்டேன் என்கிறார். லொகேஷனும் இல்லை. எங்கே வர வேண்டும் என்று கேட்டதற்குக் குரல்பதிவு வந்திருக்கிறது: "தொப்பூர்ல எறங்கிக்குங்க. ரோட்டோரமா ஒரு லாரி நிக்கும். அதுக்குப் பின்னாடியே வந்துடுங்க."