துடைக்கற துணிக்கு ஷாம்பூவாம்!

ஏம்பா தம்பி, வண்டிக்கு ஷாம்பூ வாங்குன. சரி. இப்ப வண்டியத் துடைக்கற துணிக்கும் தனியா ஷாம்பூ வந்துருக்காமே? பழைய துண்டுக்கு மறுவாழ்வுன்னு பாட்டில் மேலயே எழுதிக்கீதாம். மனுசனுக்கே கிடைக்காத வாழ்வு! அடுத்து, அந்தத் துணிய ஊற வச்ச பக்கெட்டக் கழுவ ஒரு ஷாம்பூ விப்பான். அதையும் நீ ஈஎம்ஐல வாங்குவ.

கோச்சிக்காத. உன் மைக்ரோஃபைபர் துணி நல்ல சரக்குதான், இல்லன்னு சொல்லல. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல பொழச்சவன். அங்க எல்லாத்துக்கும் பனியன் வேஸ்ட்டுதான். மூட்டையா வரும், கிலோ கணக்கு. மெஷினத் துடைச்சி, கையத் துடைச்சிக் கடாசிடுவோம். பக்கத்துல ஆவடி, 1965-ல விஜயந்தான்ற ராணுவ டாங்கே வெளிய வந்த ஊரு. அதத் துடைச்ச துணிக்கு யாரும் ஷாம்பூ போட்டதா நான் கேள்விப்படல. ஆனா உன் கார் பெயிண்ட்ட பனியன் வேஸ்ட்டால தேய்ச்சா, உள்ள இருக்கற ஒரு தையல் முண்டு போதும், கோடு போட்டுரும்.

உன் துணி வேற ஜாதகம். பெரும்பாலும் நூறுல 80 பங்கு பாலியெஸ்டர், 20 பங்கு நைலான். அந்த நூல ஃபேக்டரியிலயே நீளவாக்குல பிளந்து விட்டுருவான். 9 கிலோமீட்டர் நூல எடை போட்டா 1 கிராம்கூடத் தேறாது. ஏறக்குறைய ஆவடியில புடிச்சி பூந்தமல்லி வரைக்கும் இழுத்துக்கினு போற தூரம்! அந்தப் பிளவுச் சந்துலதான் தூசியும் தண்ணியும் போயி ஒக்காருது. சந்து அடைஞ்சா துணி அவுட்டு. அவ்ளோதான் விஷயம். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?

சந்த அடைச்சது யாரு? நீதான். வாசனையா இருக்கணும்னு கண்டிஷனர் ஊத்துனியா இல்லியா? துண்டு மெத்துன்னு ஆச்சி, மணந்துச்சி, தண்ணிய மட்டும் குடிக்காமப் போச்சி. அந்தக் கண்டிஷனர் நூல் மேல கொழகொழன்னு ஒரு பூச்சு பூசிட்டுப் போயிடும்பா. வண்டி துடைக்கற துணிக்கு மல்லிப்பூ வாசனை எதுக்கு, பொண்ணு பாக்கவா போவுது? அப்புறம் வாஷிங் மெஷின்ல ஜீன்ஸு, பூத்துவாலை எல்லாத்தோடயும் போட்ட. அதுங்க உதுத்த பஞ்செல்லாம் இது வாரி வச்சிக்கிச்சி. வாரிக்கறதுதான அதுக்கு வேலையே?

மீதிய உன் போர் தண்ணி பாத்துக்கிச்சி. நம்ம பக்கம் போர் போட்டா பல வீட்டுல உப்புத் தண்ணிதான். பாத்ரூம் குழாய் மூஞ்சிய ஒரு தபா பாரு, வெள்ளையா காறை கட்டிக்கினு கீதா? அதே காறைதான் துணிக்குள்ளயும். அந்த உப்பும் சோப்பும் சேந்து பிசுக்கா ஒட்டிக்கும். அதக் கொண்டு போயி கத்திரி வெயில்ல மொட்டை மாடியில காயப்போட்டா, அப்பளம்.

துணி செத்துதா மயக்கமான்னு பாக்க மெஷின் வேணாம். என் கைய நீட்டறன் பாரு, காச்சிப்போன கை. புதுத் துணிய இதும்மேல இழுத்தா தோல் சொரசொரப்புல மாட்டி வெடுக்குவெடுக்குன்னு புடிக்கும். சில பேருக்கு உடம்பே கூசும். அடைஞ்ச துணி வழுக்கிக்கினு போவும். உன் கைதான் கம்ப்யூட்டர் தட்டுன கையாச்சே, அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீ மேசை மேல கொஞ்சம் தண்ணி ஊத்தித் துடை. தண்ணி உள்ள போனா உசுரு கீது. தண்ணிய முன்னால தள்ளிக்கினே போனா வைத்தியம் பண்ணணும்.

வைத்தியம் இன்னான்னா, பக்கெட்டுல கை பொறுக்கற சூட்டுல தண்ணி. மெட்ரோ தண்ணி கிடைச்சா உத்தமம். பாத்திரம் கழுவற லிக்விட் கொஞ்சூண்டு. மெழுகு, பாலிஷ், எண்ணெய்ப் பிசுக்கு அதுக்குக் கழண்டுக்கும். ஒரு மணி நேரம் ஊறட்டும். கையால கசக்கு. துவைக்கற கல்லுல அடிக்காத, அது உன் மாமியார் இல்ல. நுரை போறவரைக்கும் அலசு. அப்புறம் வேற தண்ணியில ஒரு சின்ன டம்ளர் வினிகர். ஊறுகாய்க்கு ஊத்தறமே, அதே வெள்ளை வினிகர்தான், மளிகைக் கடையில கேளு. அரை மணி போனா உப்புக் காறை கரையும். திரும்ப அலசு, நிழல்ல காயப்போடு. ஆச்சி.

ரெண்டு விஷயத்துல மட்டும் விளையாடாத. வினிகரோட பிளீச்சிங் பவுடர் கலக்காத, விஷக் காத்து கெளம்பும். கொதிக்கற தண்ணியும் வேணாம். எங்க காலத்துல அழுக்கு போகலன்னா வெள்ளாவி வைப்பாங்க, அது பருத்திக்கு. உன்னுது பிளாஸ்டிக்கு, சூடு கண்டா நூல் நுனி சுருண்டு போயிடும். சுருண்டத எந்த பாட்டிலும் நிமித்தாது.

அது மாதிரி ஆயிப்போன துணியையும், மண்ணுல விழுந்து பொறுக்குனதையும் பெயிண்ட்டு கிட்ட விடாத. மண்ணு உள்ள போயி ஒளிஞ்சிக்கும், உதறுனாலும் வராது. ஒரு மூலைய வெட்டி அடையாளம் வச்சி, வீலுக்கு அனுப்பு. அங்கயும் கரி புடிச்சா இஞ்சினுக்கு. கடைசியா சைக்கிள் செயினு, ஜன்னல் கம்பி. எஸ்டேட்ல எல்லாரும் அப்பிடித்தான் பொழச்சோம், ஒரே நாள்ல யாரையும் வீட்டுக்கு அனுப்பல.

அப்புறம் ஒண்ணு. சும்மா சும்மா அலசாத. அலசற ஒவ்வொரு தபாவும் பொடி நூலு பிஞ்சி சாக்கடையில போவுது. மக்காத சரக்கு. அம்பத்தூர் ஏரி ஏற்கெனவே வாங்குனது போதாதா?

நீ இப்ப இன்னா பண்ற, அந்த ஷாம்பூவ ஆர்டர் பண்ணிட்டியா? கேன்சல் பண்ண முடியுமான்னு பாரு. முடியலன்னா வரட்டும், பாட்டில் நல்லா இருந்தா உங்கம்மா எண்ணெய் ஊத்தி வச்சிப்பாங்க. வினிகர் வாங்க நீயே நடந்து போ, கடை தெருமுனையிலதான். துண்ட நிழல் கொடியில மாட்டறப்போ பக்கத்துல நீ குளிச்சிட்டுத் துவட்டற துண்டு தொங்கும் பாரு, மடிக்க முடியாம விறைச்சிக்கினு. அதையும் ஒரு தபா பக்கெட்டுல போடேன்.